கபடி வீரர்களை முடக்கும் கவட்டை வலி: எண்ணெய் போட்டு நீவினால் மட்டும் போதுமா?

தூத்துக்குடி:-

கோவில் கொடை, பொங்கல் விழா என்றால் தென் மாவட்ட கிராமங்களில் கபடி போட்டி இல்லாமல் இருக்காது. டியூப்லைட் வெளிச்சத்தில் விடிய விடிய ஆட்டம் நடக்கும். 1994-ம் ஆண்டு ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன் இந்த மாவட்டத்துக்காரர்தான். அவரது வாழ்க்கையை தழுவி மாரி செல்வராஜ் எடுத்த "பைசன்" படம் 2025-ம் ஆண்டு வெளிவந்த பிறகு சின்ன பையன்கள் மத்தியிலும் கபடி மோகம் கூடி இருக்கிறது.

இந்த மைதானங்களில் அடிக்கடி பார்க்கிற காட்சி ஒன்று உண்டு.

பாடிப்போகும் வீரர் எதிரணி ஆளை தொடுவதற்காக காலை நீட்டுவார். அவரது கணுக்காலை ஒருவர் கவ்விப் பிடிப்பார். ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே என்று கிழிபடும். "சரக்" என்று தொடை இடுக்கில் ஓர் இழுப்பு. வீரர் நொண்டிக்கொண்டே வெளியே வருவார். "ஒண்ணும் இல்லண்ணே, லேசா பிடிச்சிருக்கு" என்பார். ஸ்பிரே அடிப்பார்கள். அடுத்த ஆட்டத்துக்கு இறங்கி விடுவார்.

மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாது. பைக்கில் காலை தூக்கி போட முடியாது. சம்மணம் போட்டு உட்கார முடியாது. இருமினால் கூட இழுக்கும். உடனே சுளுக்கு வழிப்பவரிடம் கூட்டிப்போவார்கள். எண்ணெய் போட்டு ஒரு மணி நேரம் நீவி விடுவார். வலி குறைந்த மாதிரி இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஆட்டம், மறுபடியும் அதே இழுப்பு. இப்படியே 3 மாதம், 6 மாதம் என்று ஓடிவிடும்.

கபடியை நம்பி இருக்கும் ஏழை வீட்டு பையனுக்கு இந்த 6 மாதம் சாதாரண விஷயம் அல்ல. மாவட்ட அணி தேர்வு, பல்கலைக்கழக அணி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், அரசு வேலை என்று எல்லாம் 17 வயதில் இருந்து 23 வயதுக்குள் வந்து போய்விடும். அந்த நேரத்தில் கால் கைவிட்டால் வாழ்க்கையே திசை மாறிப்போகும்.

கை வைத்தியம் இந்த வலியை தீர்க்குமா? எதற்கு உதவும், எதற்கு உதவாது? யார் கை வைக்கவே கூடாது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

இழுப்பது நரம்பா?

"நரம்பு பிசகிடுச்சு" என்றுதான் ஊரில் சொல்வார்கள். பெரும்பாலும் அங்கே பிசகுவது நரம்பு அல்ல. தொடையின் உட்பக்கம் இருக்கும் தசைதான் அடி வாங்குகிறது.

இரண்டு தொடைகளையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து வைக்கும் வேலையை செய்பவை இந்த தசைகள். மொத்தம் 5 தசைகள். இவை அடிவயிற்றுக்கு கீழே உள்ள இடுப்பு எலும்பின் முன்பகுதியில் இருந்து கிளம்பி, தொடையின் உள்புறமாக கீழே இறங்குகின்றன. இதில் முன்னால் கயிறு மாதிரி புடைத்து நிற்கிற தசைதான் அதிகமாக காயப்படுகிறது. அந்த தசை எலும்போடு ஒட்டும் இடம் மிக சிறியது. அதற்குள்தான் காலின் மொத்த இழுவையும் போய் விழுகிறது.

ஓடும்போது திடீரென்று பக்கவாட்டில் திரும்பினாலும், காலை அகட்டி நீட்டினாலும், நீட்டிய காலை வேகமாக உள்ளே இழுத்தாலும் இந்த இடத்தில் பாரம் ஏறும். கபடியில் 30 வினாடி ரெய்டுக்குள் இந்த மூன்றும் பலமுறை நடந்துவிடும். போதாக்குறைக்கு எதிரணியினர் 4 பேர் காலை பிடித்து எதிர்ப்பக்கம் இழுப்பார்கள். கால்பந்து, ஹாக்கி வீரர்களுக்கும் இதே வலி வருவதற்கு காரணம் இதுதான்.

ஒரே இடம், பல நோய்

கவட்டை வலியில் பெரிய சிக்கலே, ஒரே இடத்தில் பல வலிகள் வந்து கூடுவதுதான். இதில் டாக்டர்களுக்குள்ளேயே குழப்பம் இருந்தது. ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். 2014-ம் ஆண்டு 14 நாடுகளை சேர்ந்த 24 நிபுணர்கள் கத்தார் தலைநகர் தோகாவில் கூடி, விளையாட்டு வீரர்களின் கவட்டை வலியை வகை பிரித்தார்கள்.

அதன்படி தொடை உட்பக்க தசை வலி, இடுப்பின் முன்பக்கம் தொடையை தூக்கும் தசை வலி, அடிவயிறும் தொடையும் சேரும் மடிப்பில் வரும் வலி, நடு எலும்பு வலி என்று 4 வகை. இது தவிர இடுப்பு மூட்டில் இருந்து வரும் வலி தனி. குடல் இறக்கம், சிறுநீரக கல், முதுகு நரம்பு என்று மற்ற காரணங்கள் தனி.

முதல் 4 வகையை கண்டுபிடிக்க பெரிய மெஷின் வேண்டியது இல்லை. விவரம் தெரிந்த டாக்டரோ, பிசியோதெரபிஸ்டோ விரலால் அழுத்தி பார்ப்பார். பிறகு அந்த தசைக்கு எதிராக கையால் தடுத்து, "இப்ப தள்ளுப்பா" என்பார். அழுத்தும் இடத்திலும், தள்ளும்போதும் வீரருக்கு பழகிய அதே வலி வந்தால் குற்றவாளி சிக்கி விட்டது என்று அர்த்தம்.

இடுப்பு மூட்டு வலியில் அடையாளம் வேறு. தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் பந்து, இடுப்பு கிண்ணத்துக்குள் சுழல வேண்டும். சிலருக்கு பந்தின் கழுத்தில் எலும்பு கொஞ்சம் மேடாக இருக்கும். முட்டியை நெஞ்சு வரை மடக்கி உள்ளே திருப்பினால் அந்த மேடு கிண்ண விளிம்பில் இடிக்கும். "எங்கப்பா வலிக்குது?" என்று கேட்டால், இவர்கள் ஒரு விரலால் தொட்டு காட்ட மாட்டார்கள். கட்டை விரல் பின்னாலும் மற்ற விரல்கள் முன்னாலும் இருக்கும்படி இடுப்பை கவ்வி பிடித்து காட்டுவார்கள். "உள்ளுக்குள்ள வலிக்குது" என்பார்கள். எவ்வளவு நீவினாலும் எலும்பு மேடு கரையாது.

கை வைத்தால் ஏன் சுகமாக இருக்கிறது?

அப்படியானால் நீவி விட்டதும் வலி குறைவது பொய்யா? பொய் இல்லை.

காயம்பட்ட இடத்தை சுற்றி உள்ள தசைகள் பயத்தில் இறுகி கொள்ளும். கால் அகலாது. சூடு, எண்ணெய், நிதானமான அழுத்தம் கிடைத்ததும் அந்த இறுக்கம் தளரும். வலியை மூளைக்கு சொல்லும் நரம்புகளின் கூச்சலும் கொஞ்ச நேரம் அடங்கும். கால் முன்பைவிட அகலமாக விரியும். வீரர் "சரியாயிடுச்சு" என்று நினைப்பார்.

ஆனால் அறுந்த தசை நார் அந்த ஒரு மணி நேரத்தில் ஒட்டி விடாது. வலு இழந்த தசைக்கு வலுவும் வந்து விடாது. வலி மட்டும் தூங்க போய் இருக்கும். அந்த நேரத்தில் களத்தில் இறங்கி காலை நீட்டினால் பழைய காயம் பெரிதாகும். மாத்திரை, ஸ்பிரே போட்டு ஆடுவதும் இதே கதைதான்.

பிசியோதெரபிஸ்டுகள் செய்யும் கை சிகிச்சையும் இந்த தளர்த்தும் வேலையைத்தான் செய்கிறது. தசையை அழுத்தி தளர்த்துவார்கள். காலை பிடித்து அளவாக நீட்டி விடுவார்கள். இடுப்பு மூட்டு இறுகி இருந்தால், தொடையில் அகலமான பெல்ட் போட்டு மூட்டை மெதுவாக இழுத்து அசைப்பார்கள். முதலில் வலியை வகை பிரித்து பார்ப்பதும், அன்றைக்கே உடற்பயிற்சியை தொடங்கி வைப்பதும்தான் இதில் கூடுதல்.

டென்மார்க்கில் நடந்த சோதனை

இந்த விஷயத்தில் உலகம் முழுவதும் பேசப்பட்ட சோதனை டென்மார்க்கில் நடந்தது. டாக்டர் பெர் ஹோல்மிச் தலைமையிலான குழு, மாதக்கணக்கில் கவட்டை வலியோடு தவித்த 68 வீரர்களை இரண்டாக பிரித்தது. ஒரு பிரிவுக்கு மசாஜ், நீட்டி விடுதல், லேசர், கரண்ட் சிகிச்சை. இவர்கள் படுத்திருந்தால் போதும், மற்றவர் பார்த்து கொள்வார். இன்னொரு பிரிவுக்கு தொடை, வயிறு, இடுப்பு தசைகளை வலுவாக்கும் உடற்பயிற்சி. வாரம் 3 நாள். 8 முதல் 12 வாரம்.

1999-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. உடற்பயிற்சியை முடித்த 29 பேரில் 23 பேர் வலி இல்லாமல் பழைய ஆட்டத்துக்கு திரும்பி இருந்தார்கள். மசாஜ் பிரிவில் 30 பேரில் 4 பேர்தான் திரும்பினார்கள்.

8 முதல் 12 வருடம் கழித்து அதே ஆட்களை தேடிப்பிடித்து பார்த்தபோதும் உடற்பயிற்சி செய்தவர்களின் கையே ஓங்கி இருந்தது.

கை வைத்தியத்துக்கு மவுசு போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. நெதர்லாந்தில் 54 வீரர்களை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2011-ம் ஆண்டு வந்தது. அங்கே ஒரு பிரிவுக்கு முதலில் சூடு கொடுத்தார்கள். பிறகு ஒரு கையால் தொடை தசையை இறுக்கி பிடித்து, மறு கையால் காலை தூக்கி அகட்டி சுழற்றி நீட்டினார்கள். அதன்பிறகு தினமும் வீட்டில் தசையை நீட்டுவதும், படிப்படியாக ஓட்டமும். மற்றொரு பிரிவுக்கு உடற்பயிற்சியும் அதன்பிறகு ஓட்டமும்.

கை சிகிச்சை பெற்று ஆட்டத்துக்கு திரும்பியவர்கள் சராசரியாக சுமார் 13 வாரத்தில் திரும்பினார்கள். உடற்பயிற்சி பிரிவினருக்கு 17 வாரம் ஆனது. ஆக, கை வைத்தால் சீக்கிரம் திரும்பலாம். ஆனால் இரண்டு பிரிவிலுமே முழுசாக பழைய ஆட்டத்துக்கு வந்தவர்கள் கிட்டத்தட்ட பாதி பேர்தான்.

இந்த இரண்டு சோதனைகளையும் சேர்த்து பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. கை சிகிச்சை காலை தளர்த்தி, வேலையை தொடங்கி வைக்கும். மீதி வேலையை வீரரின் தொடைதான் செய்ய வேண்டும். சீக்கிரம் திரும்பியவர்களுக்கே 3 மாதம் ஆகி இருக்கிறது. "ரெண்டே தடவலில் சரியாக்கிடுறேன்" என்று யாராவது சொன்னால் அதை நம்பி களத்தில் இறங்கக்கூடாது.

இவர்களுக்கு கை வைக்கவே கூடாது

சில வலிகளில் நீவுவதே ஆபத்து. பெற்றோரும் பயிற்சியாளரும் கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டியவை இவை:-

* 13 முதல் 18 வயது பையன்களுக்கு இடுப்பு எலும்பு முழுசாக கூடி முடிந்திருக்காது. தசை ஒட்டியிருக்கும் இடத்தில் எலும்பு இன்னும் இளசாக இருக்கும். வேகமாக ஓடும்போதோ, பந்தை உதைக்கும்போதோ "டப்" என்று சத்தம் கேட்டு கீழே விழுந்தால், தசைக்கு பதிலாக எலும்பு துண்டே பெயர்ந்து வந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் அந்த காலை இழுத்து வழிப்பது கொடுமை.

* 10 முதல் 16 வயது பிள்ளை, குறிப்பாக உடம்பு கனமான பிள்ளை, காரணம் இல்லாமல் நொண்டினால் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தொடை எலும்பின் பந்து தன் இடத்தில் இருந்து நழுவி இருக்கலாம். பலருக்கு இதில் இடுப்பு வலிக்காது, முட்டிதான் வலிக்கும். முட்டியை நீவிக்கொண்டு நாளை கடத்தினால் மூட்டே கெட்டுவிடும்.

* ஓட்ட வீரர்களுக்கும், போலீஸ், ராணுவ தேர்வுக்காக திடீரென்று தினமும் பல கிலோமீட்டர் ஓட ஆரம்பிப்பவர்களுக்கும் தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை விரிசல் விழலாம். ஓடும்போது வலிக்கும், ஒற்றைக்காலில் குதித்தால் உயிர் போகும். இதை தசைப்பிடிப்பு என்று நினைத்து ஓடினால் எலும்பு முழுசாக முறிந்துவிடும்.

* விதைப்பையில் திடீரென்று கடும் வலி வந்து வாந்தியும் வந்தால் சுளுக்கு வழிப்பவரிடம் போகக்கூடாது. விதை முறுக்கி கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் விதையை காப்பாற்ற வாய்ப்பு அதிகம். ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

* காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி தூக்கத்தை கெடுக்கும் வலி இருந்தால் மூட்டில் கிருமியோ, காசநோயோ இருக்கலாம். இடுக்கில் வீக்கம் வந்து இருமினால் பெரிதானால் குடல் இறக்கமாக இருக்கலாம். ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்களுக்கும், மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கும் இடுப்பு பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு சாகலாம்.

* புது காயத்தில் முதல் 2, 3 நாள் அழுத்தி நீவக்கூடாது. உள்ளே ரத்தக்கசிவு கூடும். தொடையில் முட்டி இடித்து கன்றிப்போன இடத்தை முரட்டுத்தனமாக கசக்கினால், தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு.

வெட்கம் வேண்டாம்

இந்த வலியில் இன்னொரு தொல்லை வெட்கம். பையன்கள் வலிக்கிற இடத்தை சொல்ல கூச்சப்பட்டு "இடுப்பு வலி சார்" என்று மாற்றி சொல்வார்கள். பெண் பிள்ளைகள் சொல்லவே மாட்டார்கள். வலியை மறைத்துக்கொண்டே ஆடி, கடைசியில் ஆட்டத்தையே விட்டு விடுவார்கள்.

பயிற்சியாளர்கள் "எங்க வலிக்குது?" என்று கூட்டத்தில் வைத்து கேட்காமல், தனியாக கேட்க வேண்டும். பெண் பிள்ளைகளிடம் ஆசிரியையோ, வீட்டு பெண்களோ கேட்பது நல்லது. சிகிச்சை என்றால் பெண் பிசியோதெரபிஸ்ட் கேட்கலாம். அம்மாவோ, அக்காவோ கூடவே இருக்கலாம். எங்கே கை வைக்க போகிறோம், எதற்காக வைக்கிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லி சம்மதம் வாங்குவது சிகிச்சை அளிப்பவரின் கடமை. சொல்லாமல் கை வைத்தால் "வேண்டாம்" என்று எழுந்து வர யாருக்கும் உரிமை உண்டு.

காசு செலவில்லாத பயிற்சி

டாக்டர் பார்த்து தசை வலிதான் என்று சொல்லிவிட்டால், பயிற்சிக்கு பெரிய ஜிம் தேவை இல்லை.

முதலில் பந்து பயிற்சி. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, இரண்டு முட்டிக்கும் நடுவே ஒரு பந்தை வைத்து அழுத்தி பிடிக்க வேண்டும். வலியை 0 முதல் 10 வரை மார்க் போட்டு பார்க்கலாம். 2 மார்க் வரை என்றால் பயம் இல்லை. 3 முதல் 5 என்றால் அன்றைக்கு ஆட்டத்தை குறைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஆட்டம் கூடாது.

அடுத்து, ஒருக்களித்து படுத்து கீழ்க்காலை மேலே தூக்கி இறக்குவது.

இதில் தேறியவர்களுக்கு "கோபன்ஹேகன்" பயிற்சி. வீரர் ஒருக்களித்து முழங்கையை ஊன்றிக்கொள்வார். கூட்டாளி அவரது மேல் காலை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொள்வார். வீரர் உடம்பை மேலே தூக்கி, தொங்கும் காலை மேல் காலோடு கொண்டு வந்து சேர்த்து, மெதுவாக இறக்க வேண்டும். ஆரம்பத்தில் கூட்டாளி கணுக்காலுக்கு பதில் முட்டியை பிடித்தால் பாரம் குறையும். 3-க்கு மேல் வலி மார்க் போனால் பழைய எளிய பயிற்சிக்கு திரும்பி விட வேண்டும்.

நார்வே நாட்டில் 35 கால்பந்து அணிகளை வைத்து இந்த பயிற்சியை சோதித்தார்கள். போட்டி சீசனுக்கு முன்பு வாரம் 3 நாள், சீசன் நேரத்தில் வாரம் ஒரு நாள். பயிற்சி செய்த அணிகளில் கவட்டை தொல்லை வரும் ஆபத்து 41 சதவீதம் குறைந்ததாக 2019-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. கபடி அணியில் 7 பேர் களத்திலும் 5 பேர் வெளியிலும் இருப்பார்கள். காலை பிடிக்க கூட்டாளிக்கு பஞ்சமே இல்லை. கொடை விழாவுக்கு 2 மாதம் முன்பே தொடங்கினால் போதும்.

எப்போது களத்தில் இறங்கலாம்?

நேராக ஓடும்போது வலி இருக்கக்கூடாது. அடுத்து வளைந்து வளைந்து ஓடி பார்க்க வேண்டும். பிறகு ஆள் இல்லாமல் ரெய்டு போய் காலை நீட்ட வேண்டும். கடைசியாகத்தான் கூட்டாளிகளை விட்டு காலை பிடிக்க சொல்ல வேண்டும். ஒவ்வொரு படியிலும் அன்று ராத்திரியும், மறுநாள் காலையும் வலி தலைகாட்டாமல் இருந்தால்தான் அடுத்த படி. "கால் அகலுது, அது போதும்" என்று இறங்கினால் மறுபடியும் முதலில் இருந்துதான்.

அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிகளில் எலும்பு சிகிச்சை பிரிவும், பிசியோதெரபி பிரிவும் இருக்கின்றன. 2 வாரம் ஆகியும் நொண்டல் போகாவிட்டால் அங்கே காட்டி விடுவது நல்லது. போகும்போது வலி எப்படி வந்தது, சத்தம் கேட்டதா, எந்த அசைவில் வலிக்கிறது, இதுவரை யார் யார் நீவினார்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஊரில் பரம்பரையாக சுளுக்கு வழிக்கும் பெரியவர்களில் அனுபவசாலிகள் பலர், "இது என் கைக்கு அடங்காது, படம் எடுத்து பாருங்க" என்று அனுப்பி வைப்பது உண்டு. அப்படி சொல்பவர் கை ராசியான கைதான். அந்த பேச்சை கேட்டு போனவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.